ஃபேன் சத்தம் மட்டும் இருக்கும் இடம்

இரைச்சல் எது என்று நீதான் முதலில் காட்ட வேண்டும் என்கிறது இந்த சாஃப்ட்வேர். ஒரு துண்டைத் தேர்ந்தெடு, இதுதான் இரைச்சல் என்று சொல், அதற்கப்புறம் பாட்டு முழுக்க அதே மாதிரி எங்கே வந்தாலும் நான் துடைத்துவிடுகிறேன் என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தத் துண்டு? திரையில் என் பாட்டு நீல நிறத்தில் நீளமாகக் கிடக்கிறது, கம்பளிப்பூச்சி படுத்திருக்கிற மாதிரி, சில இடத்தில் தடித்து, சில இடத்தில் மெலிந்து. தடித்த இடம் நான், மெலிந்த இடம் இரைச்சல் என்று நினைத்தேன். இல்லையாம். தடித்த இடத்தைத் தட்டினால் யாரோ பெஞ்சை இழுக்கிறார்கள், மெலிந்த இடத்தில்தான் நான் பாடிக்கொண்டிருக்கிறேன், என் குரலின் லட்சணம் அப்படி. ஸ்மார்ட் கிளாஸ் அறையில் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே சத்துணவு வரிசை, தட்டுச் சத்தம், அவித்த முட்டை வாசனை. மதியம் முதல் பீரியட் எனக்கு ஓய்வு. அதற்கடுத்தது எட்டாம் வகுப்பு பி பிரிவு, அங்கேதான் கருப்பண்ணன் சார் வருகிறார். எங்கள் பி.எட். கல்லூரியிலிருந்து எங்களை மதிப்பிட வருகிறவர். இன்றைக்கு அவர் போடுவதுதான் கடைசி மதிப்பெண். தேறவில்லை என்றால் இந்தக் கற்பித்தல் பயிற்சி முழுவதையும் அடுத்த வருஷம் மறுபடி செய்ய வேண்டும், ஜூனியர் பிள்ளைகளோடு, இதே சேலைகளைக் கட்டிக்கொண்டு. போன தடவை அவர் எழுதிவிட்டுப் போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. குரல் போதாது. வகுப்புக் கட்டுப்பாடு இல்லை. மற்ற எல்லாக் கட்டத்திலும் பரவாயில்லை என்றுதான் போட்டிருந்தார், ஆனால் பரவாயில்லை என்பதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு டீச்சராக வேண்டும். வேறு வேலை கிடைக்காமல் இதற்கு வந்தவள் இல்லை நான். இதற்கென்றே வந்தவள். அதனால்தான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

புளி என்றதும் அமிலம் ஞாபகம் வந்துவிட்டது. அமிலமும் காரமும்தான் பாடம். நீல லிட்மஸ் தாள் அமிலத்தில் பட்டால் சிவப்பாகும், சிவப்புத் தாள் காரத்தில் பட்டால் நீலமாகும். பிள்ளைகளுக்கு இது எப்போதும் தலைகீழாகப் போய்விடும், சொல்லப்போனால் எனக்கே போகும், கரும்பலகைப் பக்கம் திரும்பிய நிமிஷத்தில் எது எதாகும் என்று ஒரு சின்ன இருட்டு வரும். அதற்காகத்தான் பாட்டாகக் கட்டினேன். கும்மி மெட்டு. நீலத் தாளு சிவந்து போனா அமிலமடி அமிலம், சிவந்த தாளு நீலமானா காரமடி காரம். ஒன்றும் பிரமாதம் இல்லை, ஆனால் வாயில் ஒட்டிக்கொள்ளும். அதை வகுப்பில் பாடியபோது போனில் பதிவு செய்தேன். எட்டாம் வகுப்பு பி பிரிவில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதுவும் பின்சுவரில், இந்தியா வரைபடத்துக்குக் கீழே. போனில் சார்ஜ் இல்லை. அங்கே சொருகி, ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, முன்னால் வந்து நின்று, பாடம் சொல்லிக்கொண்டே நடுநடுவே பாடினேன். ஆக, போன் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில், நான் இந்தப் பக்கம், நடுவில் ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள். இதில் என் குரலை மட்டும் தனியே எடு என்றால் எப்படி வரும். ஆனாலும் எனக்கு இந்தப் பதிவுதான் வேண்டும். அன்றைக்கு நான் நன்றாகப் பாடினேன், அது எனக்கே தெரிந்தது, ஒரு இடத்தில் பிள்ளைகள் தாளம் போட ஆரம்பித்ததும் குரல் தானாக மேலே போனது. பிறகு ஹாஸ்டலில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பதிவு செய்தேன், போர்வைக்குள் தலையை விட்டும் பாடினேன், இரண்டும் இருமல் மருந்து விளம்பரம் மாதிரி இருந்தன. இந்தப் பாட்டைச் சுத்தம் செய்து, கீழே ஒரு தாளம் சேர்த்து, ஸ்மார்ட் போர்டின் பெரிய ஸ்பீக்கரில் போட்டுவிட்டால், கருப்பண்ணன் சார் எங்கே உட்கார்ந்தாலும் கேட்கும். குரல் போதாது என்று அப்புறம் எழுத முடியாது. என் குரல்தானே அது. ஸ்பீக்கர் வழியாக வந்தாலும் என் குரல்தானே.

என் குரல்தானா? ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்டால் சந்தேகமாக இருக்கிறது. ஹெட்போனின் பஞ்சு உரிந்து கன்னத்தில் கறுப்புத் தூளாக ஒட்டுகிறது, அதைத் துடைத்துக்கொண்டே கேட்கிறேன். யாரோ ஒரு சின்னப் பெண் மூக்கால் பாடுகிற மாதிரி இருக்கிறது. எனக்குள்ளே கேட்கிற குரல் இதைவிடக் கனமானது, அதை நம்பித்தான் நான் இத்தனை வருஷம் பேசிக்கொண்டிருந்தேன். வெளியே போனது இதுதான் போலிருக்கிறது. அம்மா போனில் சொல்வாள், தாரணி, இன்னுங் கொஞ்சம் சத்தமாத்தான் பேசேன் சாமி, வெளிநாட்டுல இருந்து பேசறாப்பல பேசறே. சத்தமாகத்தானே பேசுகிறேன் என்று எனக்கு எரிச்சல் வரும். கல்லூரிக்குப் போன புதிதில் ஒருநாள் டவுன் பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தது, எறக்கம் இருக்குங்க என்றேன், யாரும் திரும்பவில்லை, விசில் அடித்துவிட்டார்கள், இன்னொரு தடவை கத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று அடுத்த நிறுத்தம் வரை போய் இறங்கி வெயிலில் நடந்து வந்தேன். நடக்கும்போது என்மேலேயே கோபம். இப்படிப்பட்டவள் எந்தத் தைரியத்தில் டீச்சராகக் கிளம்பினாள்? கிளம்பிவிட்டேன், அவ்வளவுதான். இங்கே வந்த முதல் வாரம் கடைசி பெஞ்சிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள், கேக்கலீங்க மிஸ், கேக்கலீங்க மிஸ் என்று. கவனிச்சாக் கேக்கும் என்றேன். எங்கள் ஆசிரியர்கள் எங்களிடம் சொன்னதுதான், யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. பிறகு ஒருநாள் அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். நான் தேறிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

சரி, வேலையைப் பார். முதல் தடவை குத்துமதிப்பாக ஒரு துண்டைக் காட்டினேன், நான் பாடாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இடம், வகுப்பு முணுமுணுவென்று இருந்த இடம். இதுதான் இரைச்சல், துடை என்றேன். துடைத்தது. ஓடவிட்டுப் பார்த்தால் வகுப்போடு சேர்ந்து நானும் போயிருக்கிறேன். குடத்துக்குள் முகத்தை விட்டுப் பாடுகிற மாதிரி கொழகொழவென்று ஏதோ வருகிறது, அமிலமடி என்பதில் அடி மட்டும் மிச்சம். பதறிப்போய்ப் பழையபடி ஆக்கினேன். நல்லவேளை, இதில் செய்ததை இல்லையென்று ஆக்கிவிட முடிகிறது. மாமா பையன் நிதினுக்குப் போன் போட்டேன், கோவில் விசேஷங்களுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவன், இந்த சாஃப்ட்வேரை எனக்கு ஏற்றிக் கொடுத்தவனும் அவன்தான். அவன் எங்கேயோ ஏணி மேலே இருந்தான் போல. "ஏனக்கா, நீ இரைச்சல்னு எதைக் குடுத்தே?" என்றான். பிள்ளைங்க சத்தம் என்றேன். "அது பேச்சல்ல? பேச்சைத்தான் எடுக்கோணும்னு நீயே சொல்லிட்டீன்னா உன்ற பேச்சையுஞ் சேத்தித்தான் எடுக்கும். அதுக்கென்ன தெரியும், இது மிஸ்ஸு, இது புள்ளைங்கன்னு. ஃபேன் சத்தம் மட்டும் இருக்கற எடமாப் பாத்துப் புடி. யாருமே பேசாத எடம். அரை நொடி போதும்." யாருமே பேசாத இடம் எட்டாம் வகுப்பு பி பிரிவில் கிடையாது நிதின் என்றேன். சிரித்தான். "தேடுக்கா, இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதனால் தேடிக்கொண்டிருக்கிறேன். தட்டுகளைக் கழுவுகிற சத்தம் குறைந்துவிட்டது, மணி அடித்துவிட்டார்களா, அடித்துவிட்டார்கள். எனக்குக் கேட்கவில்லை. ஹெட்போன்.

யாருமே பேசாத இடம் இப்போது இருக்கிறது, அதுதான் வேடிக்கை. இந்த வாரம் பதிவு செய்திருந்தால் நிதின் கேட்கிற மாதிரி எத்தனை துண்டு வேண்டுமானாலும் கிடைத்திருக்கும். போன வாரம் வர்ணிகாவை இடம் மாற்றியதிலிருந்து வகுப்பு அடங்கிவிட்டது. வர்ணிகா நடு பெஞ்சில் ஓரத்தில் உட்காருகிறவள், இரட்டைச் சடை, எப்போது பார்த்தாலும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பேசிக்கொண்டிருப்பாள். எத்தனை தடவை சொல்வது. வர்ணிகா, முன்னாடி பாரு. பார்ப்பாள். நான் அடுத்த வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் கழுத்து திரும்பிவிடும். அதோடு அந்தத் தேர்வு விவகாரம். அமிலத்துக்கு எடுத்துக்காட்டு தருக என்று ஒரு சின்னத் தேர்வு வைத்தேன், எலுமிச்சை, வினிகர் என்று நான் சொல்லிக் கொடுத்ததை முன் பெஞ்சுகள் எழுதின, கடைசி இரண்டு வரிசையும் ஒட்டுமொத்தமாகப் புளித்த தோசை மாவு என்று எழுதியிருந்தன. புத்தகத்திலும் இல்லை, நானும் சொல்லவில்லை. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதினால் இப்படித்தான் இருக்கும். தப்பும் இல்லை, புளித்த மாவில் அமிலம் இருக்கத்தான் இருக்கிறது, ஆனாலும் பார்த்து எழுதியதற்காகப் பாதி மதிப்பெண் வெட்டினேன். இந்தப் பள்ளியில் எனக்கு வழிகாட்டியாகப் போட்டிருக்கிற எமிலி டீச்சரிடம் போய்ச் சொன்னேன். டீச்சர் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "வாய் எங்க இருக்குதுன்னு பாரும்மா. அந்த ஒரு வாயத் தூக்கி முன்னாடி பெஞ்சுல வெச்சிரு. மத்ததெல்லாந் தன்னால அடங்கிரும்." தூக்கி வைத்தேன். அடங்கிவிட்டது. வர்ணிகா இப்போது என் மேசைக்கு நேர் எதிரே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கருப்பண்ணன் சார் வேறு யாரையோ பார்க்க வந்தவர் வராந்தாவில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தாம்மா கிளாஸ் கிளாஸாட்டம் இருக்குது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஆனால் மறுபடி வைத்த தேர்வில் கடைசி இரண்டு வரிசையும் வெறும் தாள். பேர் எழுதியிருக்கிறார்கள், தேதி எழுதியிருக்கிறார்கள், கேள்வியைக்கூட அழகாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பதில் இல்லை. தோசை மாவுகூட இல்லை. அமைதியாக இருக்கிற வகுப்பு எதற்காக வெறும் தாளைக் கொடுக்கிறது என்று நாலு நாளாக மண்டை காய்கிறது. என்மேல் கோபமா? சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்களா? சபரிநாதனை எழுப்பிக் கேட்டேன், கடைசி பெஞ்சில் நல்ல உயரமாக இருப்பானே அவன், "ஏண்டா எழுதலை?" "தெரியலீங்க மிஸ்." "நடத்தினேனே?" "ஆமாங்க மிஸ்." உட்காரச் சொன்னேன்.

ஃபேன் சத்தம் மட்டும். தேடு. கடைசி வரிசைக்கு மேலே ஓடுகிற ஃபேன் பழையது, கடக் கடக் என்று எதையோ மென்றுகொண்டே சுற்றும், போன் அதற்கு நேர் கீழே இருந்திருக்கிறது, எல்லா இடத்திலும் அதுதான். முன்னால் நிற்கும்போது அது இத்தனை சத்தமென்று எனக்குத் தெரியவில்லை. இங்கே கேட்டால் ஃபேனுக்குப் பின்னால் எங்கேயோ நான் இருக்கிறேன். நான் பேசும்போது ஃபேனும் நானும். நான் நிறுத்தினால் ஃபேனும் முணுமுணுப்பும். மறுபடி நான். மறுபடி முணுமுணுப்பு. விசித்திரமாக இருக்கிறதே, நான் பேசும்போது முணுமுணுப்பு இல்லை. வகுப்பில் நிற்கும்போது நான் வாயைத் திறந்தாலே இவர்கள் பேசுகிறார்கள் என்று தோன்றும், தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாலும் மேலே மேலே பேசுகிறார்கள் என்று அழுகை வரும். இங்கே அப்படி இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறது, முடித்ததும் ஆரம்பிக்கிறது. இன்னொரு இடத்தைத் தட்டினேன். அங்கேயும் அப்படியே. முந்திக்கொண்ட ஒரு இடம்கூட இல்லை. இவ்வளவு ஒழுங்காக யார் குறும்பு செய்வார்கள். சத்தத்தைக் கூட்டுகிற ஒரு பொத்தான் உண்டு, நிதின் காட்டிக் கொடுத்தது, தேர்ந்தெடுத்த துண்டை மட்டும் பெரிதாக்கும். முணுமுணுப்பைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கினேன். ஃபேன் காதைப் பிளந்தது. ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டேன். ஒரு பெண் குரல், வேகமாக, மூச்சு விடாமல். "நீலத் தாளு செவந்துச்சுன்னா அமிலமாம்." நான் சொன்னதுதான். என்னை நக்கல் செய்கிறாளா? நக்கலில் ஒரு இழுப்பு இருக்குமே, அது இல்லை. அடுத்த இடம். எலுமிச்சை, வினிகர் என்று நான் எங்கேயோ தூரத்தில் சொல்கிறேன், நிறுத்துகிறேன், கரும்பலகையில் எழுதுகிற சத்தம் வருகிறது. "எலுமிச்சம்பழம் சொல்றாங்க. அப்பறம் வினிகராம்." யாரோ ஒருத்தி, "வினிகர்னா என்னடி?" "தெரியல, உடு. உங்கூட்ல புளிச்ச தோச மாவு இருக்குமல்ல, அதாட்டம்னு வெச்சுக்கோ." "பின்னாடி கேக்கல, இன்னொருக்காச் சொல்லு." இது சபரி. "புளிச்ச தோச மாவுடா." பிறகு, மிகத் தெளிவாக, இத்தனை நேரம் எங்கேயோ இருந்த என் குரல், கோபத்தில் கொஞ்சம் ஏறி, வர்ணிகா, முன்னாடி பாரு.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். அறை அமைதியாக இருக்கிறது, யாரோ தூரத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள். மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டேன், நான் ஏதாவது தப்பாகக் கேட்டிருப்பேன் என்று. இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் இருக்கிறாள். நான் கும்மிப் பாட்டை ஒவ்வொரு அடியாகப் பாட, அவள் அதைப் பாட்டில்லாமல் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறாள். கூட்டமான டவுன் பஸ்ஸில் டிக்கெட் கை மாறிப் போகுமே, ஒரு காலேஜ் என்று சொல்லிக் காசை நீட்டினால் முன்பின் தெரியாதவர்கள் வாங்கி வாங்கி நடத்துனர் வரைக்கும் கொண்டு சேர்த்துவிட்டு டிக்கெட்டையும் திருப்பித் தருவார்களே, அப்படி. அந்தக் கூட்டத்தில் யாரும் அதைப் பேச்சு என்று சொல்வதில்லை. கேக்கலீங்க மிஸ் என்று கேட்பதை நிறுத்தியது எனக்குக் குரல் வந்துவிட்டதால் இல்லை. அவர்கள் வேறு ஏற்பாடு செய்துகொண்டார்கள், என்னிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று. நான் அந்த ஏற்பாட்டைத் தூக்கி முதல் பெஞ்சில் வைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. வெட்கம் என்றால் சும்மா இல்லை, காது சூடாகிறது. அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மிஸ், நான் அவங்களுக்குத்தான் சொல்றேன் என்று. எப்படிச் சொல்வாள். உங்கள் குரல் கேட்கவில்லை மிஸ், அதனால் நான் உங்களுக்குப் பதிலாகப் பேசுகிறேன் என்றா சொல்வாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை. சொல்லியிருந்தால் நான் இன்னும் கோபப்பட்டிருப்பேன், அது எனக்கே தெரிகிறது. சரி, இப்போது என்ன செய்வது? அவளைப் பழைய இடத்துக்கு அனுப்பினால் முணுமுணுப்பு திரும்ப வரும், கருப்பண்ணன் சார் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார், மதிப்பிட வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் உட்காருவார்கள், வகுப்புக் கட்டுப்பாடு என்ற கட்டத்தில் என்ன எழுதுவார் என்று எனக்கு இப்போதே தெரியும். அனுப்பாவிட்டால் வகுப்பு அமைதியாக இருக்கும். பாட்டை ஸ்பீக்கரில் போடுகிறேன், பாட்டு கேட்கும், நன்று என்று எழுதுவார். பாட்டு முடிந்த பிறகு? நான் பேசுவது? அதைத்தான் ஸ்பீக்கரில் போட முடியாதே. முழுப் பாடத்தையும் பதிவு செய்து வந்து போட்டால்? அப்புறம் நான் எதற்கு, அட்டெண்டன்ஸ் எடுக்கவா. இன்றைக்கு ஒருநாள் மட்டும் அவள் முன்னாலேயே இருக்கட்டும், நாளைக்கு மாற்றிவிடலாம், ஒரு நாளில் யாருக்கு என்ன நஷ்டம். மதிப்பெண் வந்த பிறகு மாற்றினால் போதும். ஆமாம். அதுதான் புத்திசாலித்தனம். சபரி அந்த வெறும் தாளைக் கொடுக்கும்போது முகத்தை எப்படி வைத்திருந்தான்? பணிவாகத்தான் வைத்திருந்தான். அதுதான் தாங்கவில்லை. நீலம் சிவப்பானால் அமிலம், சிவப்பு நீலமானால் காரம், இதில்கூட எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது. திரையில் அந்தத் துண்டு இன்னும் தேர்ந்தெடுத்தபடி இருக்கிறது, வர்ணிகாவின் துண்டு, இதை இரைச்சல் மாதிரியாக எடுத்துக்கொள்ளவா என்று சாஃப்ட்வேர் காத்திருக்கிறது. வேண்டாம் என்று அமுக்கினேன். மூடும்போது மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. அதற்கும் வேண்டாம். மணி அடித்தது, இந்தத் தடவை கேட்டது.

வராந்தாவில் நடக்கும்போதுகூட முடிவு செய்யவில்லை. கருப்பண்ணன் சார் வகுப்பு வாசலில் நின்றிருந்தார், கையில் அட்டையும் தாளும், சட்டைப் பையில் இரண்டு பேனா. வணக்கம் சார் என்றேன். "என்னம்மா?" என்றார். வணக்கம் சார் என்று மறுபடி சொன்னேன். வகுப்பு எழுந்து நின்று வணக்கத்தை இழுத்துப் பாடியது, சார் நேராகப் பின்னால் போய் சபரிக்குப் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார், தலைக்கு மேலே அந்த ஃபேன். ஸ்மார்ட் போர்டு அறைக்குப் பிற்பாடு கூட்டிப் போவதாக ஏற்பாடு, முதலில் பாடம், அப்புறம் பாட்டு. பாட்டுதான் இல்லையே. சுத்தம் செய்யாத பாட்டுதானே இருக்கிறது. அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். வர்ணிகா எனக்கு எதிரே குனிந்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள், மார்ஜின் கோடு, போட்ட கோட்டின் மேலேயே மறுபடி போடுகிறாள். நாளைக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே, "வர்ணிகா, உன் பழைய எடத்துக்குப் போ" என்றேன். என் வாய்தான் சொன்னது, நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் அசையவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "நான் ஒண்ணும் பேசலீங்க மிஸ்." "தெரியும். பேசறதுக்குத்தான் போகச் சொல்றேன். நான் சொல்லச் சொல்ல நீ பின்னாடி சொல்லு." முன் பெஞ்சு முழுக்க என்னை அண்ணாந்து பார்த்தது, மிஸ்ஸுக்கு என்ன ஆயிற்று என்று. அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஏதோ பொறிக்குள் கால் வைக்கிற மாதிரி மெதுவாகப் போய் நடு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சார் எதையோ எழுதினார். எழுதட்டும். இல்லை, எழுதட்டும் என்றெல்லாம் எனக்குத் தைரியம் கிடையாது, என்ன எழுதுகிறார் என்று உயிர் போகிறது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தேன். அமிலம் என்றால் என்ன. ஒரு வாக்கியம் சொன்னேன், நிறுத்தினேன். இதுவரை ஒருநாளும் நிறுத்தியதில்லை, முணுமுணுப்பு வருமுன் அடுத்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று ஓடிக்கொண்டே இருப்பேன். நிறுத்தியதும் வகுப்பு திகைத்தது. வர்ணிகா என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினேன். கழுத்தைத் திருப்பிச் சொன்னாள், முதலில் பயந்து பயந்து, மூன்றாவது வாக்கியத்தில் பழைய வேகம் வந்துவிட்டது. முணுமுணுப்பும் வந்தது. வாசலைக் கடந்து போன எமிலி டீச்சர் ஒரு நிமிஷம் நின்று என்னைப் பார்த்தார், பாவம் இந்தப் பெண் என்கிற மாதிரி. நான் வினிகர் என்று சொல்ல வந்து, புளிச்ச தோசை மாவு என்று சொன்னேன், கடைசி வரிசைகளில் சிரிப்பு. சார் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலத் தாள் எதில் பட்டால் சிவப்பாகும் என்று கேட்க வேண்டிய இடம் வந்தது, கேட்டேன். கைகள் எழும்பவில்லை, கேள்வி இன்னும் பின்னால் போய்ச் சேரவில்லை. அப்போது கருப்பண்ணன் சார் சபரியின் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். சபரி உள்ளங்கையைக் காட்டினான், கொஞ்சம் இருங்க என்பது போல, பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து வர்ணிகாவைப் பார்த்தார்கள். சார் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். வர்ணிகா திரும்பி அவரிடம் என்னவோ நீளமாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் குனிந்து எழுத ஆரம்பித்தார். எனக்கு இங்கிருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைப் பற்றித்தான் ஏதோ, ஆனால் நல்லதா கெட்டதா, சார் திட்டினாரா, இவள் ஏதாவது உளறி வைத்தாளா. இரண்டு பெஞ்சு தாண்டி அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "என்னடி கேட்டாரு சார்?"

"நீங்க சொல்றது கேக்கலையாமுங்க மிஸ்" என்றாள் வர்ணிகா. "நான் சொல்லீட்டனுங்க."